பீனிக்ஸில் ஒரு வீடு, ஓவர்போர்ட்டில் ஒரு ஃப்ளாட்: ஓர் இளம் வாடகை உரிமையாளரின் ஐந்து ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் வடபகுதியில் சிறு கடைகளுக்கும் தனிநபர்களுக்கும் வரிக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். இங்கே பதிவு செய்யும் நிகழ்வில் வருபவர் 2022 தொடக்கத்தில் என்னிடம் வந்தார். அதற்கு முன் நடந்தவற்றை அவருடைய ஒப்பந்தங்கள், வங்கிக் கடிதங்கள், அவர் சொன்னவை ஆகியவற்றிலிருந்து தொகுத்திருக்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வட்டி விகிதம், வரி வரம்பு, சட்டம் எல்லாம் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

2020இல் அவருக்கு வயது 26. ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். பிடித்தம் போக மாதம் 26,000 ரேண்ட் கைக்கு வந்தது. அப்பா இல்லை. அம்மாவும் ஆயாவும் (பாட்டி) அவரோடு இருந்தார்கள்.

ஆயா பிறந்தது மேகஸின் பேரக்ஸில். டர்பன் மாநகராட்சியின் கூலித் தொழிலாளர்களுக்கான அந்தக் குடியிருப்பில் பெரும்பாலும் தமிழ், தெலுங்குக் குடும்பங்களே இருந்தன. ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பகுதி ஒதுக்கிய இனவாரிப் பகுதிச் சட்டத்தின் காலத்தில் அவர்களைக் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். மூட்டையோடு லாரியில் ஏறியது ஆயாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நம்ம பேரிலே பத்திரம் இருந்தா யாரும் எழுப்ப முடியாது" என்பது அந்த வீட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்த பேச்சு. இந்தக் குடும்பத்தில் வீடு வாங்குவது வெறும் முதலீடாக இருந்ததில்லை. பின்னால் ஒரு சொத்தை விற்க வேண்டி வந்தபோது அது ஏன் அவ்வளவு வலித்தது என்பது இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

கொரோனா காலத்தில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 2020 ஜூலையில், வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் பிரைம் விகிதம் 7 சதவீதத்துக்கு இறங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத அளவு அது. அதே ஆண்டு மார்ச் முதல் 10 லட்சம் ரேண்ட் வரையிலான வீடுகளுக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டி (வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி) கிடையாது என்றும் ஆகியிருந்தது. வாடகை கொடுத்துக்கொண்டிருந்த பல இளைஞர்கள் அந்த ஆறேழு மாதத்தில் முதல் வீடு வாங்கினார்கள். இவரும் அப்படித்தான்.

முதல் வீடு: 2020 செப்டம்பர் முதல் 2021 மே வரை

டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் மூன்று படுக்கையறை வீடு ஒன்று. பின்பக்கம் இரண்டு அறையும் குளியலறையும் கொண்ட ஓர் அவுட்பில்டிங். கேட்ட விலை 8,95,000 ரேண்ட். முன்வீட்டில் குடும்பம் இருந்துகொண்டு பின்கட்டை வாடகைக்கு விடுவது அவர் திட்டம். டர்பனில் நம்மவர்கள் காலங்காலமாகச் செய்து வருவதுதான் இது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைபடத்தைக் காட்டச் சொன்னார். எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் அவர் செய்த மிகச் சரியான காரியம் இதுதான். முன்வீட்டுக்கு மாநகராட்சி ஒப்புதல் இருந்தது, பின்கட்டுக்கு இல்லை. ஒப்புதல் இல்லாத கட்டடத்தில் தீ பிடித்தாலோ சுவர் இடிந்தாலோ காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். மாநகராட்சி இடிக்கச் சொல்லி நீதிமன்றம் போகலாம். வாங்குபவருக்கு வங்கி கொடுக்கும் மதிப்பும் குறையலாம். இன்றைக்குச் சொத்துத் தரகர் விற்பவரிடமிருந்து குறைபாட்டு அறிக்கையைக் கட்டாயம் வாங்க வேண்டும். 2022 பிப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 2020இல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேட்டவருக்குத்தான் தெரியும்.

விலை 8,50,000க்கு இறங்கியது. வங்கி முழுத் தொகைக்கும் கடன் கொடுத்தது. 20 ஆண்டு, பிரைம் விகிதம், மாதத் தவணை 6,590 ரேண்ட். டிரான்ஸ்ஃபர் டியூட்டி இல்லாவிட்டாலும் பெயர் மாற்றும் வழக்கறிஞர், கடனைப் பதிவு செய்யும் வழக்கறிஞர், பத்திர அலுவலகக் கட்டணம் என்று 46,000 ரேண்ட் போனது. சேமிப்பு அதுவரை 70,000. முதல்முறை வாங்குபவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். முழுக் கடன் கிடைத்தால் கைப்பணமே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

டிசம்பரில் பத்திரம் பதிவானது. வரைபடக்காரரைப் பிடித்து ஜனவரியில் பின்கட்டுக்கான வரைபடத்தைக் கொடுத்தார். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது 1977ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் எல்லைச் சுவரை ஒட்டிய ஒரு ஜன்னலை மூடி வேறு பக்கம் வைக்க வேண்டியிருந்ததால் ஏப்ரல் வரை இழுத்தது. எல்லாம் சேர்த்து 14,000 ரேண்ட் செலவு.

ஒப்புதல் வரும்வரை ஆளை வைக்கவில்லை. அந்த மாதங்களில் வாடகை போனதைச் சொல்லி மாமா கோபித்துக்கொண்டார். இவர் அசையவில்லை. மே மாதம் 4,500 ரேண்ட் வாடகைக்கு ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சுலு பேசும் குடும்பம். கணவருக்குக் கிடங்கில் வேலை. மின்சாரத்துக்குத் தனி உள்மீட்டர், தண்ணீருக்கு மாதம் இவ்வளவு என்ற பேச்சு, எழுத்தில் ஒப்பந்தம், இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்து எழுதிய குறைப் பட்டியல். அட்வான்ஸ் பணத்தைத் தனியாக, வட்டி வரும் சேமிப்புக் கணக்கில் போட்டார். 1999ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டம் அப்படித்தான் கேட்கிறது, அந்த வட்டியும் குடியிருப்பவருக்கே சேரும். பின்கட்டு வாடகைக்கு இவ்வளவு ஒழுங்கு பார்ப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அன்றைய மாதக் கணக்கு இது: தவணை 6,590, மாநகராட்சி வரியும் தண்ணீரும் 1,300, காப்பீடு 450. மொத்தம் 8,340. வாடகை 4,500 வந்தால் மூன்று பேர் குடியிருக்கும் வீட்டுக்கு இவர் கையிலிருந்து போவது 3,840 மட்டுமே.

2021 ஜூலை

அந்த மாதம் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் கௌட்டெங்கிலும் நடந்த கலவரமும் கொள்ளையும் எல்லோருக்கும் தெரியும். 350க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பீனிக்ஸில் மட்டும் 36 பேர். தெருமுனைகளில் தடுப்புப் போட்டார்கள். பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த இந்தியர்களும் கறுப்பினத்தவரும் ஒருவரை ஒருவர் அஞ்சிப் பார்த்தார்கள். பின்கட்டுத் தம்பதியால் வெளியே போக முடியவில்லை. ரொட்டிக்கும் பாலுக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற நாட்கள் அவை. இவருடைய அம்மா வரிசையில் நின்று இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாங்கி வந்தார். தெருவில் கேள்வி கேட்டவர்களிடம், "அவங்க எங்க வீட்டு ஆளுங்க" என்று மட்டும் சொன்னாராம்.

கணவர் வேலை பார்த்த கிடங்கு எரிந்துபோனது. ஆகஸ்டில் அவர் வந்து வாடகை கொடுக்க முடியாது என்றார்.

இவர் எடுத்த முடிவு: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பாதி வாடகை. பாக்கி 6,750 ரேண்டை, வேலை கிடைத்த பிறகு மாதம் 750 வீதம் ஒன்பது மாதத்தில் கட்டலாம். இதை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். மனிதாபிமானம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் அவரே சொன்னார்: அந்தச் சமயத்தில் இவர்களைப் போகச் சொன்னால் அடுத்தவர் வர எத்தனை மாதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதி வாடகை, காலி வீட்டைவிட மேல். 2022 நடுவில் பாக்கி முழுவதும் அடைந்துவிட்டது. அந்தக் குடும்பம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது சொத்து: 2021 அக்டோபர்

பின்கட்டு நன்றாக நடந்ததும் அடுத்த எண்ணம் வந்தது. மருத்துவமனையில் உடன் வேலை பார்த்த ஒருவர் வார இறுதிச் சொத்து வகுப்புக்குக் கூட்டிப்போனார். முப்பது வயதுக்குள் ஐந்து வீடு, வாடகையே தவணையைக் கட்டிவிடும், வட்டி இப்போது குறைவு, விட்டால் கிடைக்காது என்பதே அங்கே பேச்சு.

டர்பனின் ஓவர்போர்ட் பகுதியில் மருத்துவமனைகளுக்கு அருகில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். விலை 6,20,000. வங்கி 10 சதவீதம் முன்பணம் கேட்டது. 62,000 முன்பணம், 35,000 பதிவுச் செலவு. கொடுத்து முடித்தபோது சேமிப்பில் மிஞ்சியது 9,000 ரேண்ட்.

அவர் அன்று போட்ட கணக்கின் தாள் என்னிடம் இருக்கிறது. வாடகை 6,800. தவணை 4,326, லெவி (கட்டடப் பராமரிப்புக்கு உரிமையாளர்கள் மாதாமாதம் கட்டுவது) 1,650, மாநகராட்சி வரி 620. மிச்சம் 204 ரேண்ட். தாளின் அடியில் "பாசிட்டிவ்" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார்.

கூட்டல் கழித்தலில் தவறில்லை. ஆனால் அந்தத் தாளில் காலி மாதம் என்று ஒன்று இல்லை, பழுது இல்லை, வட்டி ஏறினால் என்ன என்பதும் இல்லை. 5,58,000 ரேண்ட் கடனில் வட்டி அரை சதவீதம் ஏறினாலே மாதத் தவணை ஏறக்குறைய 170 ரேண்ட் கூடும். அந்த 204இல் பெரும்பகுதி ஒரே அறிவிப்பில் போய்விடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருந்தது. முதல் வீட்டில் வரைபடம் வரை தோண்டிப் பார்த்தவர், ஃப்ளாட்டில் கட்டடத்தின் கணக்கைக் கேட்கவே இல்லை. வழக்கறிஞர் லெவி கிளியரன்ஸ் சான்றிதழ் வாங்கியிருந்தார், அது போதும் என்று இவர் நம்பிவிட்டார். விற்பவர் தன் பாக்கியைக் கட்டிவிட்டார் என்பதற்குத்தான் அந்தச் சான்றிதழ் சாட்சி. மற்ற உரிமையாளர்கள் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள், பராமரிப்பு நிதியில் பணம் இருக்கிறதா, லிஃப்ட்டுக்கு எத்தனை வயது என்பதெல்லாம் அதில் வராது. அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்கினால் சுவர், கூரை, லிஃப்ட் ஆகியவற்றில் உங்களுக்கும் ஒரு பங்கு வருகிறது. அவற்றின் கடனிலும் வருகிறது. பாடி கார்ப்பரேட்டின் (கட்டட உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த அமைப்பு) தணிக்கை அறிக்கை, பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டம், கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பு. இந்த மூன்றையும் கேட்டிருந்தால் போதும். நான் பின்னால் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கு உரிமையாளர்கள் லெவி பாக்கி வைத்திருந்தார்கள். பராமரிப்பு நிதி கிட்டத்தட்டக் காலி.

அழுத்தம்: 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பெய்த மழையில் மாகாணம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓவர்போர்ட் கட்டடத்துக்கு வந்தது அதோடு ஒப்பிட முடியாத சின்னச் சேதம்தான்: மொட்டைமாடி ஒழுகி மேல் இரண்டு தளங்களின் சுவர் ஊறியது. காப்பீட்டு நிறுவனம் ஒரு பகுதியை மட்டும் ஏற்றது. நீர்க்கசிவு பழைய பராமரிப்புக் குறை என்று மீதியைத் தள்ளிவிட்டது. லிஃப்ட்டும் அதே நேரத்தில் பழுதாயிற்று.

ஜூலையில், பாடி கார்ப்பரேட்டை நிர்வகிக்கும் டிரஸ்டிகள் சிறப்பு லெவிக்கு, அதாவது வழக்கமான லெவிக்கு மேல் வசூலிக்கும் தொகைக்கு, தீர்மானம் போட்டார்கள். எல்லா உரிமையாளர்களும் கூடி வாக்களித்தால்தான் சிறப்பு லெவி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பட்ஜெட்டில் இல்லாத அவசியச் செலவுக்கு டிரஸ்டிகளின் தீர்மானமே போதும். பரப்பளவு விகிதப்படி இவர் பங்கு 24,000 ரேண்ட். ஆகஸ்டிலிருந்து மாதம் 2,000 வீதம் ஓர் ஆண்டு.

இதற்கிடையே வட்டி ஏறிக்கொண்டிருந்தது. 2021 நவம்பர் தொடங்கி 2023 மே வரை ரிசர்வ் வங்கி தொடர்ந்து பத்து முறை உயர்த்தியதில் பிரைம் 7இலிருந்து 11.75க்குப் போனது. செப்டம்பர் 2022இல் ஃப்ளாட்டின் தவணை சுமார் 5,275. லெவி, சிறப்பு லெவி, வரி எல்லாம் சேர்த்து மாதம் 9,700 ரேண்ட்.

அந்த செப்டம்பரில்தான் ஃப்ளாட்டில் இருந்தவர் வாடகையை நிறுத்தினார். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவருக்கு வேலை போயிருந்தது. முதலில் ஃபோனை எடுத்தார், பிறகு எடுக்கவில்லை.

மாமாவின் யோசனை உடனே வந்தது: "பூட்டை மாத்திடு கண்ணு. இல்லேன்னா கரண்டைக் கட் பண்ணு. ரெண்டு நாள்ல தானா போயிடுவாங்க." அவர் என்னிடம் வந்து, "அக்கா, அப்படிச் செய்யலாமா?" என்று கேட்டார். கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். நீதிமன்ற உத்தரவில்லாமல் யாரையும் அவர் வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று அரசியலமைப்பின் 26ஆவது பிரிவே சொல்கிறது. பூட்டை மாற்றினால், வாடகை பாக்கி வைத்தவரே அவசர வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடுவார், செலவு உரிமையாளர் தலையில் விழும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். லாரியில் ஏற்றி அனுப்பப்பட்ட ஆயாவின் பேத்தி இன்னொரு தாயின் பூட்டை இரவோடு இரவாக மாற்றுவதை நான் பார்க்க விரும்பவில்லை. அதை அவரிடமே சொன்னேன். ஆயாவும் அதையே சொன்னதாக மறுநாள் சொன்னார்.

முறையான வழி இது: ஒப்பந்தப்படி 20 வேலை நாள் அவகாசம் தந்து பாக்கியைக் கட்டச் சொல்லும் கடிதம். கட்டாவிட்டால் ஒப்பந்த ரத்து. அப்புறம் 1998ஆம் ஆண்டு வெளியேற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்ற மனு. விசாரணைக்குக் குறைந்தது 14 நாளுக்கு முன் குடியிருப்பவருக்கும் மாநகராட்சிக்கும் அறிவிப்பு போக வேண்டும். பிள்ளைகள், முதியவர்கள் இருக்கிறார்களா, பெண் தலைமையில் நடக்கும் குடும்பமா என்று நீதிமன்றம் பார்க்கும். வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கட்டணமில்லாமல் போகலாம். பாக்கி, அட்வான்ஸ் தகராறுகளுக்கு அது நல்ல இடம். ஆனால் வெளியேற்ற உத்தரவு தர அதற்கு அதிகாரம் கிடையாது.

வழக்கறிஞர் சொன்ன செலவும் காலமும் இவரைத் திகைக்க வைத்தன. எதிர்ப்பு இல்லாவிட்டாலே 30,000 ரேண்ட் வரை, சில மாதங்கள். கடிதம் போனது, ஒப்பந்தம் ரத்தானது. ஆனால் மனு போடுவதற்கு முன் அந்தத் தாயை நேரில் சந்தித்துப் பேச முடிவு செய்தார். அந்தப் பேச்சில் இரண்டு பேரும் அழுதார்கள் என்று பிறகு தெரிந்தது. ஜனவரி 31க்குள் காலி செய்வது, பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி ஆண்டு தொடங்குவதால் அதுவரை இருக்கலாம், ஐந்து மாதப் பாக்கியில் மூன்று மாதத்தை விட்டுவிடுவது, மீதியை மாதம் 500 வீதம் கட்டுவது. எழுதிக் கையெழுத்தானது. அவர் சொன்ன தேதியில் காலி செய்தார், வீட்டையும் சுத்தமாகவே விட்டுப்போனார். 500 ரேண்ட் தவணை சில மாதம் வந்து நின்றுவிட்டது. இவர் அதன் பின்னால் போகவில்லை.

சுவர் ஈரத்தைச் சரிசெய்து வண்ணம் பூச 9,000 ரேண்ட் ஆனது. அடுத்த குடித்தனம் ஏப்ரலில்தான் வந்தது. வாடகை இல்லாத அந்த ஏழு மாதத்தில் ஃப்ளாட்டுக்காக இவர் கட்டியது ஏறக்குறைய 69,000 ரேண்ட். சேமிப்பு 9,000தான் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். மீதி எங்கிருந்து வந்தது? சனி, ஞாயிறுகளில் வேறு மருந்தகங்களில் மாற்று வேலை. அம்மாவிடம் 30,000 கடன். ஒரு மாதம் கிரெடிட் கார்டு. வங்கித் தவணை ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் அவர் இளைத்துப்போய்விட்டார். மருந்துகளை எண்ணிக் கொடுக்கும் வேலையில் களைப்பு ஆபத்தானது. அந்தச் செலவை எந்தத் தாளிலும் எழுத முடியாது.

இந்த இருட்டில் பீனிக்ஸ் வீட்டைக் காப்பாற்றியது பின்கட்டின் 4,700 ரேண்ட்தான். தவணை அங்கும் ஏறி 2023 மே மாதம் 9,000ஐத் தாண்டியது. அந்த வாடகை இல்லாவிட்டால் முதல் வீடும் சேர்ந்தே ஆட்டம் கண்டிருக்கும்.

விற்கும் முடிவு: 2023 செப்டம்பர் முதல் 2024 மார்ச் வரை

புதிய குடித்தனக்காரர் ஒழுங்காக 7,000 கொடுத்தார். அப்படியும் தவணை 5,970, லெவி 1,950, வரி 690 என்று மாதம் 1,610 ரேண்ட் குறைந்தது. வைத்திருக்கலாமா, விற்கலாமா என்று மூன்று மாலைகள் உட்கார்ந்து பேசினோம்.

வைத்திருப்பதற்கு ஆதரவான வாதம்: வட்டி உச்சத்தில் இருக்கிறது, இனி இறங்கும். அது சரியான வாதம்தான். 2024 செப்டம்பரில் இறங்கத் தொடங்கவும் செய்தது. ஆனால் வட்டி முழுக்க 7க்கே திரும்பினாலும் அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு நிதி நிரம்பாது. லிஃப்ட்டை ஒட்டுப்போட்டுத்தான் வைத்திருந்தார்கள், முழுதாக மாற்ற இன்னொரு சிறப்பு லெவி வரும் என்று கூட்டக் குறிப்பிலேயே இருந்தது. நான் விற்கும் பக்கம் நின்றேன். வட்டியாவது ஏறி இறங்கும், மற்ற உரிமையாளர்களின் பாக்கி இவர் கட்டுப்பாட்டில் எப்போதும் வராது.

வீட்டில் எதிர்ப்பு இருந்தது. வாங்கிய சொத்தை விற்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார் மாமா. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

கடனை முடிக்கப்போவதாக வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தோம். கொடுக்காவிட்டால் மூன்று மாத வட்டி வரை அபராதம் வரலாம். குடியிருப்பவரை எழுப்பவில்லை. வீடு கைமாறினாலும் நடப்பு வாடகை ஒப்பந்தம் புதிய உரிமையாளரைக் கட்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். வாடகையோடு வாங்க ஒருவர் கிடைத்தார். பாடி கார்ப்பரேட்டின் கணக்கை, அவர் கேட்காமலே நாங்கள் அவரிடம் கொடுத்தோம். அதைப் பார்த்துத்தான் விலை பேசினார்.

2024 மார்ச்சில் 6,40,000க்குப் பதிவானது. தரகு 36,800, வங்கிக் கடன் பாக்கி 5,32,000, ரத்துக் கட்டணமும் சான்றிதழ்களும் 7,200. கைக்கு வந்தது 64,000. முன்பணம், பதிவுச் செலவு, இடையில் கையிலிருந்து போட்டவை எல்லாம் கூட்டினால் இரண்டரை ஆண்டில் நிகர இழப்பு சுமார் 1,34,000 ரேண்ட்.

வரியில் ஓரளவு திரும்பியது. வாடகை வருமானத்திலிருந்து கடன் வட்டி, லெவி, மாநகராட்சி வரி, பழுதுச் செலவு எல்லாம் கழிக்கலாம். அசல் தவணையைக் கழிக்க முடியாது, மேம்பாட்டுச் செலவையும் கழிக்க முடியாது. பின்கட்டுக்கு, வீட்டுக் கடன் வட்டியில் பரப்பளவு விகிதப்படி 30 சதவீதம் எடுத்துக்கொண்டோம். அவர் முதல் இரண்டு ஆண்டும் தவணை முழுவதையும் செலவு என்று எழுதி வைத்திருந்தார். தாக்கல் செய்வதற்கு முன் திருத்திவிட்டோம்.

பின்விளைவு

64,000 ரேண்டில் முதலில் அம்மாவின் கடனை அடைத்தார். மீதியைப் பீனிக்ஸ் வீட்டுக் கடன் கணக்கில் போட்டார். அது வேண்டும்போது திரும்ப எடுக்கக்கூடிய கணக்கு. போட்ட பணத்துக்கு வட்டி ஏறாது, அவசரத்துக்கு எடுக்கவும் முடியும். வார இறுதி வேலையை நிறுத்தினார். 2025 நவம்பரில் பிரைம் 10.25க்கு வந்தபோதும் வங்கியிடம் சொல்லித் தவணையைப் பழைய அளவிலேயே வைத்துக்கொண்டார். கூடுதலாகப் போகும் பணம் கையிருப்பாகச் சேர்கிறது. இப்போது இரண்டு வீட்டு அளவுக்கான ஆறு மாதச் செலவு அந்தக் கணக்கில் இருக்கிறது. சொந்த வீடு ஒன்று, பின்கட்டு வாடகை ஒன்று, அவ்வளவுதான் இன்றைய நிலை. ஐந்து வீட்டுப் பேச்சை அவர் எடுப்பதில்லை.

என்ன மாறும்

கேட்டபோது அவர் முதலில் சொன்னது வட்டியைப் பற்றியல்ல. "பின்கட்டு ஆளு எங்க கண்ணு முன்னாடி இருந்தாங்க. வேலை போனா அன்னிக்கே தெரிஞ்சுது. ஃப்ளாட்ல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது." செப்டம்பர் முதல் வாரத்திலேயே போய்ப் பேசியிருந்தால் பாதி வாடகை ஏற்பாடு அங்கும் நடந்திருக்கும் என்று அவர் நம்புகிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. தூரத்துச் சொத்துக்குச் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தாவது அந்தத் தொடர்பைக் காக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வாடகையில் இடமில்லை என்றால் அந்தச் சொத்தை வாங்க முடியாது என்றே அர்த்தம்.

இனி வாங்கினால் தனி மனையுள்ள வீடாகவே பார்க்கிறார். அடுக்குமாடி என்றால் மூன்று ஆண்டுக் கணக்கு கைக்கு வந்த பிறகுதான் விலை பேசுவது. கணக்குப் போடும்போது வட்டியை அன்றைய விகிதத்துக்கு மேல் நான்கு சதவீதம் வைத்தும், ஆண்டில் இரண்டு மாதம் காலி என்று வைத்தும் பார்க்கிறார். அந்தக் கணக்கில் பெரும்பாலான வீடுகள் தேறுவதில்லை. நான்கைந்து வீட்டைப் பார்த்து விட்டுவிட்டார்.

சாட்ஸ்வொர்த்தில், ஆயாவின் பழைய தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, அவுட்பில்டிங்கோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் டியூட்டி வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 12,10,000 ஆகியிருப்பதால் வரி வராது. விலை ஏற்புப் படிவத்தில் ஒரு நிபந்தனையை எழுதியிருக்கிறார்: அவுட்பில்டிங்கின் ஒப்புதல் வரைபடத்தை விற்பவர் 60 நாளுக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் செல்லாது. விற்பவர் இன்னும் கையெழுத்திடவில்லை.